பிறநாட்டு வாணிகமும் ஆங்கில ஒப்பந்தச் சட்டமும்

ஊர்ச் சந்தையிலே ஒரு மூடை நெல் வாங்குகின்றவன் அதனைக் கண்ணாற் காண்கின்றான், ஒரு கை அள்ளிப் பார்க்கின்றான், விலை பேசுகின்றான், பணத்தைக் கொடுத்து மூடையைப் பெற்றுச் செல்கின்றான். ஆங்கே சட்டத்திற்கு அதிக வேலையில்லை. கடல் கடந்த வாணிகத்தின் இயல்போ வேறு. விற்போன் வாங்குவோனைக் காண்பதில்லை. வாங்குவோன் பொருளைக் காண்பதில்லை. பொருள் ஒரு வழியாகவும் பணம் மற்றொரு வழியாகவும் செல்கின்றன. இருவரையும் இணைக்கும் பாலம் சொல் ஒன்றே. அச்சொல்லுக்கு எந்நாட்டுச் சட்டத்தின்படி பொருள் கொள்வது என்னும் வினா எழும்பொழுது, உலக வாணிகத்தின் பெரும் பகுதியில் "ஆங்கிலச் சட்டத்தின்படி" என்னும் விடை கிடைக்கின்றது.

நம் கல்லூரியிற் கற்று வெளியேறிய இளைஞர் பலர் ஏற்றுமதி நிலையங்களிலும் வங்கிகளிலும் கப்பற் கம்பனிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் பணிபுரிகின்றனர். அவர்கள் கையாளும் தாள்கள் பலவற்றின் அடியிலே, சிறிய எழுத்தில், ஆங்கிலச் சட்டம் ஆளும் என்றும் பிணக்குகள் இலண்டனிலே தீர்க்கப்படும் என்றும் ஒரு வாசகம் இருத்தல் கூடும். அதனைப் படியாது கையொப்பமிடுவோன், தான் அறியாத ஒரு சட்டத்திற்குத் தன்னையும் தன் முதலையும் ஒப்புக்கொடுக்கின்றான். நல்ல சரக்கை அனுப்பியும் பணம் பெறாதவர் உளர். பணம் கொடுத்தும் குப்பையைப் பெற்றவர் உளர். இவ்விடர்கள் எவ்வாறு நேர்கின்றன என்பதையும், அவற்றைத் தவிர்க்க எவற்றைக் கற்றல் வேண்டும் என்பதையும் மாணவர்க்கு உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலச் சட்டம் ஏன்?

இங்கிலாந்தோடு எத்தொடர்பும் இல்லாத இருவர் ஆங்கிலச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளலாமா? இவ்வினாவுக்குக் கோமறைக் கழகம் 1939 ஆம் ஆண்டில் விடை பகர்ந்தது. நியூபவுண்லாந்திலிருந்து நியூயோர்க்குக்கு ஹெரிங் மீன் ஏற்றிச் சென்ற கப்பலொன்று நோவா ஸ்கோஷியாக் கரையிலே தரைதட்டியது. மீனுக்கும் கப்பலுக்கும் துறைமுகங்களுக்கும் இங்கிலாந்தோடு உறவில்லை. எனினும் கப்பலேற்றுச் சீட்டிலே ஆங்கிலச் சட்டம் ஆளும் என்று எழுதப்பட்டிருந்தது. அத்தெரிவு நேர்மையானதாகவும் சட்டத்திற்கு மாறுபடாததாகவும் இருப்பின் செல்லும் என்று 'வீற்றா பூட்' என வழங்கும் அவ்வழக்கிலே தீர்ப்பாயிற்று.

இலண்டன் நெடுங்காலம் கப்பற்றொழிலுக்கும் காப்புறுதிக்கும் நடுவிடமாக இருந்தமையின், ஆங்கில நீதிமன்றங்களிலே வணிக வழக்குகள் மிகப் பல தீர்க்கப்பட்டன. அவற்றின் தொகுதியே இன்று வணிகர்க்கு வழிகாட்டியாகின்றது. ஒரு வினா எழுமாயின், அதனையொத்த வினா முன்னரே எழுந்து விடை கண்டிருக்கும் என்னும் நம்பிக்கையே அச்சட்டத்தின் வலிமை. பல நாடுகள் ஏற்றுள்ள 1980 ஆம் ஆண்டு வியன்னா விற்பனை உடன்படிக்கையில் ஐக்கிய இராச்சியம் நெடுங்காலம் சேராது நின்றது. ஆதலின் ஆங்கிலச் சட்டத்தைத் தெரிந்தோர்க்கு அதன் சொந்த விதிகளே பயன்பட்டு வந்துள்ளன.

நம் நாட்டு நிலை

இலங்கையர்க்கு இக்கல்வியில் ஒரு தனித் தொடர்பு உண்டு. அதனை மூன்றாக வகுத்துக் கொள்ளுதல் நன்று.

முதலாவது: 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கடல்சார் விடயங்களிலும், பங்குடைமை, கூட்டுத்தாபனம், வங்கித் தொழில், முதல்வர் முகவர் உறவு, தரைவழியாகப் பொருள் ஏற்றிச் செல்வோர், ஆயுள் தீக் காப்புறுதி ஆகியவற்றிலும் ஆங்கிலச் சட்டமே ஆள்வதாக என விதித்தது. அதிலும், ஒத்த காலத்தில் இங்கிலாந்திலே எச்சட்டம் வழங்குமோ அச்சட்டமே கொள்ளப்படும். நம் சட்டமன்றம் வேறு விதி செய்தவிடத்து அவ்விதியே மேலோங்கும்.

இரண்டாவது: ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து நாமே இயற்றிக்கொண்டவை. இங்கிலாந்தின் 1882 ஆம் ஆண்டு மாற்றுண்டியற் சட்டத்தையும் 1893 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தையும் வரைந்தவர் சேர் மக்கென்ஸி சாமர்ஸ். பின்னதைத் தழுவி எழுந்தது நமது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முன்னதைத் தழுவியது 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இவை நம் சட்டமன்றத்தின் ஆக்கங்களாதலின், இங்கிலாந்திலே செய்யப்படும் திருத்தம் இவற்றினுள் தானே வந்து புகாது.

மூன்றாவது: ஒப்பந்தத்தின் பொதுவிதிகள். இவற்றில் நம் நாட்டுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டமேயன்றி ஆங்கிலச் சட்டம் அன்று. ஆங்கிலச் சட்டத்திலே, உறுதிப் பத்திரமாக எழுதியதொழிந்த வாக்குறுதி செல்லுதற்குப் பிரதிபயன் வேண்டும்; அஃதாவது, வாக்குறுதிக்கு ஈடாக மறுபக்கத்தார் ஏதேனும் கொடுத்திருத்தலோ கொடுப்பதாகக் கூறியிருத்தலோ வேண்டும். நம் சட்டத்திலோ மனமார்ந்து செய்த வாக்குறுதிக்கு நேரிய காரணம் இருப்பின் அதுவே போதும். இவ்வேறுபாட்டைக் கோமறைக் கழகம் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய என்னும் வழக்கிலே 1918 இல் உறுதிப்படுத்தியது. ஆதலின், கொழும்பிலே செல்லும் வாக்குறுதி இலண்டனிலே செல்லாதொழிதலும் உண்டு. ஆங்கில நூலைக் கற்ற மாணவன் அதனை அப்படியே நம் நாட்டு விதியெனக் கொள்ளுதலும் தவறு. நம் நாட்டு விதி எங்கும் செல்லுமெனக் கொள்ளுதலும் தவறு.

ஒப்பந்தம் பிறக்கும் கணம்

இன்ன நிபந்தனையில் இணங்குவேன் என்று ஒருவர் கூறுவது முனைவு. அதனை மாற்றமின்றி மற்றவர் ஒப்புவது ஏற்பு. இரண்டும் கூடியவிடத்து ஒப்பந்தம் பிறக்கின்றது. தூர தேசத்தார்க்கிடையே இக்கணத்தைக் காண்பது எளிதன்று.

1879 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் நாள், கார்டிப் நகரத்தார் 1000 பெட்டி வெள்ளீயத் தகட்டை விற்பதாக நியூயோர்க்குக்குக் கடிதம் எழுதினர். 8 ஆம் நாள் மனம் மாறி, முனைவை மீட்பதாக மற்றொரு கடிதம் விடுத்தனர். முதற் கடிதத்தைப் பெற்ற நியூயோர்க் வணிகர் 11 ஆம் நாளே தந்தியில் ஏற்றுக்கொண்டனர். மீட்புக் கடிதம் அவர்களிடம் சேர்ந்ததோ 20 ஆம் நாள். பேர்ண் எதிர் வான் தீன்ஹோவன் எனப்படும் இவ்வழக்கிலே, மீட்பு மறுபக்கத்தாரைச் சென்றடையும்வரை பயனற்றது எனவும், 11 ஆம் நாளிலேயே ஒப்பந்தம் பிறந்துவிட்டது எனவும் 1880 இல் முடிவாயிற்று. அஞ்சலில் விடுத்த ஏற்பு, விடுத்த கணத்திலேயே செல்லும் என்பது 1818 முதல் வழங்கும் விதி. மீட்புக்கு அவ்வுரிமை இல்லை.

டெலெக்ஸ் வந்தபொழுது புதிய வினா எழுந்தது. அம்ஸ்டர்டாமிலிருந்து இலண்டனுக்கு டெலெக்ஸ் மூலம் வந்த ஏற்பைப் பற்றி 1955 இல் என்ரோறஸ் வழக்கிலே ஆராய்ந்த மேன்முறையீட்டு நீதிமன்றம், உடனுக்குடன் செல்லும் செய்தியாயின் அது பெறப்பட்ட இடத்திலேயே ஒப்பந்தம் பிறக்கும் என்றது. ஆகவே அவ்வொப்பந்தம் இலண்டனிற் பிறந்தது. ஆங்கில நீதிமன்றத்திற்கு அதன்மேல் அதிகாரமும் கிடைத்தது. மின்னஞ்சலில் வாணிகம் நடக்கும் இக்காலத்திலும் அவ்வழக்கு கற்கப்படுவதன் காரணம் இதுவே. நம் நாட்டிலே 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கற் சட்டம் இத்துறைக்கு விதி செய்துள்ளது.

சொன்னது சொன்னபடி

சீமெந்துப் பீப்பாய் செய்வதற்காக அரை அங்குலத் தடிப்புடைய மரப்பட்டிகைகள் இரசியாவிலிருந்து வாங்கப்பட்டன. வந்தவற்றுட் பெரும்பாலானவை அரை அங்குலத்தைச் சிறிதே கடந்திருந்தன. பீப்பாய் செய்வதற்கு அவை தக்கனவே என்று நடுவரும் கண்டனர். எனினும் வாங்கியோர் வேண்டாமென்றனர். சந்தை விலை வீழ்ந்திருந்தமையே அதற்கு உண்மைக் காரணம் என்பது வெளிப்படை. 1933 இல் ஆர்க்கோஸ் எதிர் ரோனாசன் என்னும் இவ்வழக்கிலே பிரபுக்கள் சபை வாங்கியோர்க்குச் சார்பாகத் தீர்த்தது. விவரணப்படி விற்கப்படும் பொருள் விவரணத்திற்கு இயைந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழப் போதுமாயின் ஏறத்தாழ என்றே எழுதியிருத்தல் வேண்டும்.

இத்தீர்ப்பைக் கடுமையென்போர் உளர். இங்கிலாந்திலே 1994 இற் செய்த திருத்தம், நுகர்வோரல்லாத வணிகர் மிகச் சிறு குறையைக் காட்டிப் பொருளை மறுத்தல் நியாயமற்றதாயின் அதனைத் தடுத்து, நட்டஈடு பெறும் உரிமையை மட்டும் விட்டது. ஆயினும் ஒப்பந்தத்தின் வாசகம் வேறுவிதமாக அமைந்திருப்பின் அவ்வாசகமே செல்லும். சொல்லை அளந்து எழுதுதலே தக்க காவல் என்க.

பத்திரங்களின் வாணிகம்

பிறநாட்டு வாணிகத்திற் பொருளினும் பத்திரம் முந்திச் செல்லும். 'சீ.ஐ.எவ்.' என்றால் பொருளின் விலை, காப்புறுதி, கப்பற் கூலி மூன்றும் அடங்கிய விலை, 'எவ்.ஓ.பீ.' என்றால் விற்போன் பொருளைக் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை. சீ.ஐ.எவ். ஒப்பந்தத்தில் விற்போன் விலைப்பட்டியல், கப்பலேற்றுச் சீட்டு, காப்புறுதிப் பத்திரம் என்பவற்றைக் கொடுத்ததும் வாங்குவோன் பணம் செலுத்துதல் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வரும் பொருளைப் பரிசோதித்த பின்னரே பணம் தருவோம் என்று வாங்குவோர் வாதித்ததைப் பிடெல் சகோதரர் வழக்கிலே பிரபுக்கள் சபை ஏற்கவில்லை. இக்குறுஞ்சொற்களின் பொருளைப் பாரிஸிலுள்ள சர்வதேச வாணிக சபை 1936 முதல் தொகுத்து வெளியிடுகின்றது. 2020 ஆம் ஆண்டுப் பதிப்பு அவற்றுள் ஒன்று. எப்பதிப்பு என்பதை ஒப்பந்தத்திற் குறித்தல் இன்றியமையாதது.

பத்திரத்தை நம்பிப் பணம் கொடுப்பதாயின் ஏமாற்றுவோர்க்கு வழி திறக்குமன்றோ? அதனைத் தடுக்க எழுந்ததே வங்கியின் நாணயக் கடிதம். இன்ன இன்ன பத்திரங்களைக் காட்டினால் இவ்வளவு பணம் தருவேன் என்று வங்கி வாக்களிக்கின்றது. 1927 இற் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். இலண்டன் வணிகர் பத்தாவியாவிலிருந்து வனிலா வாங்க நாணயக் கடிதம் திறந்தனர். நிபுணர்கள் கொடுத்த தரச்சான்று வேண்டுமென்பது அவர்களது நிபந்தனை. தந்திக் குறியீட்டில் ஒருமை பன்மை வேறுபாடு மறைந்தமையால், நிபுணர் ஒருவரது சான்றே போதுமென்று பத்தாவியாவிற் கொள்ளப்பட்டது. பணம் கொடுக்கப்பட்டது, வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் குப்பை. ஒருவர் சான்றின்மேற் பணம் கொடுத்த வங்கி அதனை வணிகரிடமிருந்து மீளப்பெற முடியாது என்று தீர்ப்பாயிற்று. பத்திரங்கள் ஏறத்தாழப் பொருந்தினால் போதாது. முற்றும் பொருந்துதல் வேண்டும்.

இவ்விதி நம் ஏற்றுமதியாளரையும் தாக்கும். சரக்கு நல்லதாயினும், பத்திரத்தில் ஒரு தேதி பிந்தினால், பெயரொன்று பிழைத்தால், வங்கி பணத்தைத் தர மறுக்கலாம். தேயிலைப் பெட்டியையும் கறுவாக் கட்டையும் சோதிக்கும் கண்ணினும் கூரிய கண் பத்திரத்தைச் சோதிக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டு யூலை 1 முதல் வழங்கிய 600 ஆம் இலக்க ஒருசீர் விதிகளை இத்துறையிற் புகுவோர் கட்டாயம் கற்றல் வேண்டும். கப்பலேற்றுச் சீட்டு முதலியன மின்வடிவிலும் செல்லும் என இங்கிலாந்து 2023 இற் சட்டம் செய்தது. தாள் மாறினாலும் சொல்லின் செம்மை வேண்டும் என்பது மாறவில்லை.

எதிர்பாராத இடர்

வாக்குக் கொடுத்தபின் இடர் நேர்ந்தால் வாக்கு விடுபடுமா? இசையரங்கொன்று நான்கு நாள் நிகழ்ச்சிக்கு வாடகைக்குப் பேசப்பட்டது. நிகழ்ச்சிக்கு முன்னரே 1861 ஆம் ஆண்டு யூன் மாதம் அது தீக்கிரையாயிற்று. இருபாலாரும் விடுபட்டனர் என்று 1863 இல் டெயிலர் எதிர் கால்ட்வெல் வழக்கிலே தீர்ப்பாயிற்று. ஒப்பந்தத்தின் அடிப்படையே அழிந்தவிடத்து ஒப்பந்தமும் முடிவுறும்.

ஆயின், கடினமாதலும் செலவு மிகுதலும் அழிவாகா. 1956 ஒக்டோபரில், போர்ட் சூடானிலிருந்து ஹம்பேர்க்குக்கு 300 தொன் நிலக்கடலை சீ.ஐ.எவ். விலையில் விற்கப்பட்டது. நவெம்பர் 2 ஆம் நாள் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டது. கால்வாய் வழி 4,386 மைல். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய வழியோ 11,137 மைல். விற்றோர் சரக்கை ஏற்றவில்லை. 1961 இல் பிரபுக்கள் சபை அவர்களே பொறுப்பென்றது. கால்வாய் வழியே அனுப்புவோம் என்று ஒப்பந்தத்தில் இல்லை. நிலக்கடலை நீண்ட பயணத்தாற் கெடுவதுமன்று. ஆதலின் செலவு மிகுதியை விற்றோரே தாங்குதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

2023 இன் இறுதியிலே செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பட்டபொழுது பல கப்பல்கள் மீண்டும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. அந்நாளிலும் வணிகர் இவ்வழக்கையே புரட்டினர் என்றால் வியப்பில்லை. யுத்தம், துறைமுக அடைப்பு, கொள்ளைநோய் என்பவற்றுக்கு என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்போன் பிழைத்தான். நீதிமன்றம் இரங்கும் என்றிருப்போன் தன் முதலை இழப்பான்.

நட்டஈட்டின் எல்லை

ஒப்பந்தத்தை மீறியவன் எவ்வளவு கொடுத்தல் வேண்டும்? குளோஸ்டர் நகரிலே ஓர் ஆலையின் இரும்புத் தண்டு முறிந்தது. புதிய தண்டு வார்ப்பதற்கு மாதிரியாக அதனைக் கிறீனிச்சுக்கு அனுப்பினர். பொருள் ஏற்றிச் சென்றோர் தாமதித்தனர், ஆலை வாளாவிருந்தது. இழந்த இலாபத்தை ஆலையுடையோர் கேட்டனர். 1854 இல் ஹட்லி எதிர் பக்ஸண்டேல் வழக்கிலே நீதிமன்றம் இரு வழிகளைக் காட்டியது: மீறலிலிருந்து இயல்பாக எழும் நட்டம்; ஒப்பந்தம் செய்தபொழுது இருவரும் எண்ணியிருக்கக் கூடிய நட்டம். வேறு தண்டு இல்லை, ஆலை நிற்கும் என்பது ஏற்றிச் சென்றோர்க்கு உணர்த்தப்படாமையின் இலாபம் கிடைக்கவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது 'ஹெரன் 2' என்னும் கப்பலின் வழக்கு. கொன்ஸ்ரான்சாவிலிருந்து பஸ்ராவுக்குச் சென்ற 3,000 தொன் சீனி, கப்பல் வழிவிலகியமையால் ஒன்பது நாள் பிந்திச் சேர்ந்தது. அதற்குள் விலை வீழ்ந்தது. பஸ்ராவிலே சீனிச் சந்தை உண்டு, சந்தை விலை ஏறியிறங்கும் என்பது கப்பலுடையோர் அறிந்ததே. ஆதலின் விலை வீழ்ச்சியை அவர்கள் ஈடுசெய்தல் வேண்டும் என 1967 இல் முடிவாயிற்று. இவ்விரு வழக்கையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன், தனக்கு நேரக்கூடிய தனி நட்டத்தை முன்னரே மறுபக்கத்தார்க்கு எழுத்திலறிவித்தலின் பயனை உணர்வான்.

பிணக்குத் தீர்க்குமிடம்

சட்டம் எதுவென்பது ஒரு வினா. தீர்ப்பவர் யார் என்பது மற்றொன்று. வணிகர் நீதிமன்றத்தை விட்டு நடுத்தீர்ப்பை நாடுதல் பெருவழக்கு. அதற்குப் பெருங் காரணம் 1958 ஆம் ஆண்டு நியூயோர்க் உடன்படிக்கை. ஒரு நாட்டில் அளித்த நடுத்தீர்ப்பை மற்றொரு நாட்டில் நிறைவேற்ற அது வழி செய்தது. இலங்கை 1962 இல் அதனை ஏற்றது. நமது 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு நடைமுறை வகுத்தது. இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் 2025 இலே திருத்தப்பட்டது. நடுத்தீர்ப்பு எந்நகரில் நடப்பது என்னும் ஒரு சொல்லைச் சேர்க்குமுன், அங்கு சென்று வாதாடும் செலவு சிறு வணிகர்க்குத் தாங்குமோ என்று எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை.

கற்கும் முறை

இச்சட்டத்தை மனனஞ் செய்து தேர்ச்சி பெறலாம். மனனத்தால் மட்டும் பயன்கொள்ள இயலாது. மாணவர்க்கு யாம் கூறுவன நான்கு.

ஒன்று: ஒவ்வொரு வழக்கிலும் நிகழ்ச்சி, வினா, விடை, காரணம் என்னும் நான்கையும் தத்தம் சொல்லிற் சுருக்கி எழுதுக. தமிழில் எழுதிப் பார்த்தல் மிக நன்று. ஆங்கிலச் சொல்லை விளங்காமலே திருப்பிச் சொல்லுதல் எளிது. தமிழிற் சொல்லப் புகும்பொழுது விளங்காமை தானே வெளிப்படும்.

இரண்டு: ஒரு நிகழ்ச்சியை மாற்றி வினாவுக. ஆலையுடையோர் முன்னரே அறிவித்திருந்தால் என்ன? நிலக்கடலைக்குப் பதிலாக அழுகும் கனியாக இருந்தால் என்ன? விடை மாறும் இடத்திலேயே விதியின் எல்லை புலப்படும்.

மூன்று: உண்மையான ஒப்பந்தத் தாளொன்றைக் கையில் வைத்துக் கற்க. வங்கிகளிலும் கப்பற் கம்பனிகளிலும் பணிபுரியும் பழைய மாணவர், பெயர்களை மறைத்த வெற்றுப் படிவங்களைக் கல்லூரி நூல்நிலையத்திற்கு உதவுவாராயின் அது பெருங் கைங்கரியமாகும்.

நான்கு: எவ்விதியைக் கற்பினும், இஃது இங்கிலாந்தின் விதியா, நம் நாட்டிற்கும் பொதுவா, எவ்வாண்டு முதல் வழங்குகின்றது என்னும் மூன்றையும் குறித்துக் கொள்க. பழைய பதிப்பு நூலைக் கற்றவன் பழைய சட்டத்தையே கற்றவனாவான்.

வாணிகமென்றால் வஞ்சகம் என்று எண்ணுவாரும், சட்டமென்றால் சூழ்ச்சி என்று எண்ணுவாரும் நம்மிடையே இல்லாமலில்லை. மேலே கண்ட வழக்குகளைக் கூர்ந்து நோக்கினால் அவ்வெண்ணம் நில்லாது. அரை அங்குலம் என்றால் அரை அங்குலம். நிபுணர்கள் என்றால் ஒருவருக்கு மேல். அனுப்புவேன் என்றால் வழி நீண்டாலும் அனுப்புதல். இவையெல்லாம் சொன்ன சொல்லைக் காத்தல் என்னும் ஓர் அறத்தின் கிளைகளே. வணிகர்க்கு அறம் வகுத்த குறளை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. தன் பக்கத்தையும் மறுபக்கத்தையும் ஒக்க நோக்குவோனே நல்ல ஒப்பந்தம் எழுத வல்லவன்.

நம் நாடு சிறியது. அதன் வாணிகமோ கடலை நம்பியது. நம்மிலும் பெரிய முதலுடையோர் வரைந்த தாள்களிலே நாம் கையொப்பமிட நேர்கின்றது. அத்தாளை மாற்றும் வலிமை எப்பொழுதும் நமக்கிராது. அதனைப் படித்தறியும் வலிமையையேனும் நாம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வலிமையைத் தருவது கல்வியன்றிப் பிறிதில்லை. நம் கல்லூரியின் இளைஞர் இத்துறையிலும் புகுந்து, சொல்லின் மதிப்பறிந்த வணிகராயும் வழக்கறிஞராயும் வங்கியாளராயும் விளங்கி, ஈன்ற தாய்க்கும் கற்பித்த கல்லூரிக்கும் பெருமை சேர்ப்பாராக.